மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம்: விசாரணைக்கு அப்பால்

1. சட்ட அடிப்படை

1967 அக்டோபர் 1இல் ஊழல் தடுப்பு நிறுவனமாகத் தோன்றிய அமைப்பே, 694ஆம் சட்டத்தின்கீழ் 2009 ஜனவரி 1 முதல் ஆணையமாக, எஸ்.பி.ஆர்.எம். என்ற பெயரில் இயங்குகிறது. அது கைது செய்யலாம். சொத்துகளைப் பறிமுதல் செய்யலாம். வழக்குத் தொடுக்க மட்டும், 58ஆவது பிரிவின்படி, அரசு வழக்குத் தொடுநரின் சம்மதம் வேண்டும். கீழே பேசப்படும் வழக்குகளின் காலமெல்லாம் அப்பொறுப்பை வகித்தவர் சட்டத்துறைத் தலைவர். அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் அவரே. ஆணையத்தின் மீதான அவநம்பிக்கையில் பெரும்பகுதி இந்த இரட்டைப் பொறுப்பிலிருந்துதான் வருகிறது என்பது என் துணிபு.

2. எஸ்.ஆர்.சி. வழக்கு

எஸ்.ஆர்.சி. நிறுவனப் பணம் பிரதமர் நஜிப் ரசாக்கின் கணக்குக்குச் சென்றதை ஆணையம் 2015இல் விசாரித்தது. ஜூலையில் சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் நீக்கப்பட்டார். ஆகஸ்டில் ஆணைய அதிகாரிகள் இருவர் பிரதமர் துறைக்கு மாற்றப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பினர். 2016 ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி, நஜிப் குற்றம் எதுவும் செய்யவில்லை என அறிவித்தார். 2018 மே தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. ஜூலை 3இல் ஆணையம் நஜிப்பைக் கைது செய்தது. 4.2 கோடி ரிங்கிட் தொடர்பான வழக்கில் 2020 ஜூலை 28இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறை விதித்தது. இத்தனைக்கும் இடையில் 58ஆவது பிரிவு அப்படியேதான் இருந்தது.

3. கிள்ளான் பள்ளத்தாக்கு

3.1 தியோ பெங் ஹோக்

2009 ஜூலையில், ஆணையத்தின் ஷா ஆலம் அலுவலகத்தில் இரவெல்லாம் விசாரிக்கப்பட்ட அரசியல் உதவியாளர் தியோ, மறுநாள் அதே கட்டடத்தில் பிணமாகக் கிடந்தார். அவர் சாட்சியாக அழைக்கப்பட்டவர் என்பதை மறக்கலாகாது. மூர்க்கமான விசாரணையே அவரைத் தற்கொலைக்குத் தள்ளியது என்றது 2011இன் அரச விசாரணை ஆணையம். அடையாளம் தெரியாதோரே காரணம், அவர்களில் ஊழல் தடுப்பு ஆணைய அதிகாரிகளும் அடங்குவர் என்றது 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். அதன் பிறகும் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆணையத்துக்கு மேலும் அதிகாரம் கேட்பவர்கள் (நானும் ஒருவன்) இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

3.2 துறைமுகமும் மித்ராவும்

கிள்ளான் துறைமுகச் சுதந்திர வணிக மண்டல வழக்கில் முன்னாள் போக்குவரத்து அமைச்சர்கள் இருவர் குற்றஞ்சாட்டப்பட்டனர், இருவரும் விடுதலையாயினர். இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா மானியங்களை 2021இல் ஆணையம் விசாரித்தபோது கைதுகளே தலைப்புச் செய்திகளாயின. பிடித்தார்களே, பிறகு என்ன ஆச்சு? பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எழும் இந்தக் கேள்விக்கு ஆணையத்தால் மட்டும் விடைசொல்ல முடியாது.

4. தீர்வு

வழக்குத் தொடுநர் பதவியைத் தனியே பிரிப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அது தேவை, ஆனால் பாதி வேலைதான். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைமை ஆணையரை மாமன்னர் நியமிப்பது பிரதமரின் ஆலோசனையின்பேரில். பிரதமரையே விசாரிக்க நேரும் ஓர் அமைப்புக்கு இது பொருந்தாது. அந்த நியமனத்தை நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.