குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு மேன்முறையீடு செய்யலாமா?

"எல்லாம் இண்டைக்கே முடிஞ்சிரும் எண்டு சொன்னாங்க மகன், அதுதான் ஒத்துக்கிட்டான்."

சம்மாந்துறையில் எனது அயலில் வசிக்கும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அவரது மகன் வெளியூர் நீதிமன்றமொன்றில், சைக்கிள் திருட்டு வழக்கில், சட்டத்தரணி யாருமின்றி நின்றிருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு அன்று மாலையே வீடு வந்துவிட்டார். வழக்கு முடிந்தது என்றே குடும்பம் நினைத்தது. கட்டார் வேலைக்கு பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கப் போனபோதுதான் தன் பெயரில் ஒரு குற்றத்தீர்ப்பு பதிவாகியிருப்பதன் பாரம் அவருக்கு விளங்கியது. "இனி அப்பீல் போட ஏலாதா?" என்பதே அந்தத் தாயின் கேள்வி.

நமது ஊர்களில் இந்தக் கேள்வி பலருக்கு இருக்கிறது. எனவே நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விதிவிலக்கு. ஆனால் திறந்த நீதிமன்றில் "நான் குற்றவாளி" என்று சொல்வது வேறு விடயம். அதன் பிறகு சாட்சிகள் அழைக்கப்படுவதில்லை. குறுக்கு விசாரணை இல்லை. நேரே தீர்ப்பும் தண்டனையும்தான்.

நீதவான் நீதிமன்றத்தில் இது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி நடக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஒப்புதல் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். அவர் சொன்னது இயன்றவரை அவரது வார்த்தைகளிலேயே பதியப்பட வேண்டும். தண்டனை வழங்கப்படுவதற்கு முன்னர், நீதவானின் அனுமதியோடு அந்த ஒப்புதலை வாபஸ் பெறலாம். அப்படிப் பெற்றால் வழக்கு சாதாரண விசாரணைக்குச் செல்லும். ஆகவே, அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று உணர்ந்தால், தண்டனைத் தீர்ப்புக்கு முன்னரே எழுந்து சொல்வதுதான் மிக இலகுவான வழி. மாயிஸ் (ரழி) அவர்கள் தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நபி (ஸல்) அவர்கள் பல தடவைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், அவர் புத்தி சுவாதீனமுள்ளவரா என விசாரித்ததையும் நாம் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். ஓர் ஒப்புதலை அவசரப்பட்டு ஏற்கலாகாது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

தண்டனை வழங்கப்பட்ட பின்னர் நிலைமை கடினமாகிறது. நீதவான் நீதிமன்றத்தில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவரின் மேன்முறையீட்டு உரிமையை இச்சட்டத்தின் 317ஆம் பிரிவு வெகுவாகக் கட்டுப்படுத்துகிறது. என்றாலும் கதவு முற்றாக மூடப்படவில்லை. மீளாய்வு என்றொரு வழி உண்டு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின்னர், அரசியலமைப்பின் 154P உறுப்புரை மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நீதவான் நீதிமன்றத் தீர்ப்புகளை மீளாய்வு செய்யும் அதிகாரத்தைத் தந்துள்ளது. சம்மாந்துறை மக்களுக்கு இதற்கான மேல் நீதிமன்றம் கல்முனையிலேயே இருக்கிறது.

ஆனால் மீளாய்வு என்பது உரிமையாகக் கிடைப்பதல்ல. விசேட காரணம் காட்ட வேண்டும். குற்றப்பத்திரத்தில் சொல்லப்பட்டவை சட்டப்படி ஒரு குற்றமே ஆகாமல் இருத்தல், ஒப்புதல் நிபந்தனையோடு சொல்லப்பட்டிருத்தல், குற்றச்சாட்டு விளங்காமலே ஒப்புக்கொண்டிருத்தல், சட்டம் அனுமதிப்பதைவிடக் கூடிய தண்டனை விதிக்கப்பட்டிருத்தல் போன்றவை அத்தகைய காரணங்கள். "தண்டனை கூடிப்போச்சு, மனசு மாறிட்டு" என்பது மட்டும் போதாது. தாமதமும் ஆபத்து. காரணமின்றித் தாமதித்தால் மனு அந்த ஒன்றுக்காகவே தள்ளுபடியாகலாம்.

மேல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட வழக்குகளில், ஒப்புதலின் விளைவைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் சரியாக விளங்கியிருக்கிறாரா என்பதில் நீதிபதி திருப்தியடைய வேண்டும் என்கிறது 197ஆம் பிரிவு. அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்வதற்கான காலம் 14 நாட்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு: தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்தால், 336ஆம் பிரிவின் கீழ் அந்த நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும்.

முதலில் சொல்லும் வார்த்தை எவ்வளவு கனமானது என்பதற்கு மூதூர் ரிஸானா நபீக்கை விட வேறு உதாரணம் நமக்குத் தேவையில்லை. 2005 மே மாதம் சவூதியில் தன் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்தபோது, சட்டத்தரணி இல்லாமலே அவரிடம் ஒப்புதல் வாக்குமூலம் பெறப்பட்டது. மொழிபெயர்த்தவருக்குத் தமிழில் போதிய தேர்ச்சி இருந்ததா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அவர் அந்த வாக்குமூலத்தை மறுத்தார். 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பிறகே மேன்முறையீட்டுக்குச் சட்டத்தரணி கிடைத்தார். 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடும் சட்டமும் வேறுதான். ஆனால் முதல் நாளில் இல்லாத சட்டத்தரணியின் இடத்தை இரண்டு வருடம் கழித்து வந்தவரால் நிரப்ப முடியவில்லை.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான். விளங்காத குற்றச்சாட்டுக்குத் தலையாட்ட வேண்டாம். சட்டத்தரணியைப் பெற அவகாசம் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றத்தின் மொழி தெரியாவிட்டால் அரச செலவில் மொழிபெயர்ப்புக் கேட்பது 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. சிறு குற்றமாயின், குற்றத்தீர்ப்புப் பதியாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க 306ஆம் பிரிவு நீதவானுக்கு இடமளிக்கிறது. அதைக் கேட்பதற்கும் சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரின் இளம் சட்டத்தரணிகளும் சேர்ந்து, மாதம் ஒரு நாளாவது இலவச ஆலோசனை வழங்கினால் எத்தனையோ பிள்ளைகளின் எதிர்காலம் காப்பாற்றப்படும்.

அந்தத் தாயிடம் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்கச் சொன்னேன். அதில் மகனின் வார்த்தைகள் இப்படிப் பதிவாகியிருந்தன: "சைக்கிளை எடுத்தது உண்மை, திருப்பிக் குடுக்கத்தான் எடுத்தேன்." திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும் என்கிறது சட்டம். அப்படியானால் இது நிபந்தனையற்ற ஒப்புதலா? சட்டத்தரணி ஒருவர் அந்தக் கேள்வியை வைத்தே மீளாய்வு மனுவைத் தயாரிக்கிறார். முடிவு நீதிமன்றத்தின் கையில். ஆனால் "இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்று அந்தத் தாய் இப்போது சொல்வதில்லை.