சாமிகள் மலையேறிய கதை – 4: பிரட்டுக்களத்தில் உபதேசியார்

மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டுப்பாதையில் நடந்து, வாந்திபேதிக்குத் தப்பியவர்களைக் காப்பி மலையில் விட்டுவந்தோம், போன வாரம். லயத்துக்கு அருகே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று கும்பிட்டார்கள்.

1854-ல் அம்மனுக்குப் போட்டி வந்தது. காப்பித் துரைமார் பணம் போட, சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் தமிழ் உபதேசியார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. தப்படித்து ஆள் கூட்டிப் பெயர் பதிந்தானதும், துரை சம்மதித்தால், பிரட்டுக்களத்திலேயே நாலு வார்த்தை பேசுவார்கள். பனியில் நடுங்கும் சனம் கேட்கும்; கேட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடும்.

வேதத்துக்கு வந்தவர்கள் சொற்பம். அம்மன் மேல் பக்தி என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனம். காப்பி பருவ வேலை. பழம் பறித்ததும் பாதிப் பேர் ஊர் திரும்பிவிடுவார்கள். தங்கியவர்களுக்கோ பெரிய கங்காணி. முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தவர் அவர். கடன் கணக்கும் அவர் கையில், திருவிழாவில் முதல் மரியாதையும் அவருக்கே. அம்மனை விடுகிறவன் அம்மனை மட்டுமா விடுகிறான்?

துரைமாருக்கு இது நன்றாகத் தெரியும். தாங்கள் தொழ நுவரெலியாவில் 1852-லேயே ஆலயம் எழுப்பிக்கொண்டவர்கள், அம்மன் திருவிழாவுக்கும் காசு கொடுத்தார்கள், லீவும் விட்டார்கள். யாரைக் கும்பிட்டால் என்ன, மறுநாள் பிரட்டுக்கு ஆள் வந்தால் சரி!

1869. காப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்குள் காப்பிச் சீமையே படுத்துவிட்டது. தோட்டங்கள் ஏலத்துக்குப் போயின. மிஷன் சந்தாவுக்கு எங்கே போவது? அம்மன் விளக்குக்கு எண்ணெய்?

லூல்கந்துர தோட்டத்தில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை, திம்புள்ள, டிக்கோயா மலைகளையெல்லாம் மூடிக்கொண்டது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து. ஆட்கள் தங்கினார்கள், சாமிகளும் தங்கின. கொழுந்தை அரைக்க ரோதை வந்தது. கடகடவென்று சுழன்ற அந்த இரும்பில், எந்த ஊர்ப் பிடிமண்ணோடும் வராத, புராணத்தில் பெயரே இல்லாத ஒரு சாமி ஏறி உட்கார்ந்தது!

துரையின் இயந்திரத்துக்குள் புகுந்த அந்தச் சாமி யார்?

(தொடரும்)