முளைவிட்ட உருளைக்கிழங்கை அப்படியே நடலாமா? வீட்டுத் தோட்டத்துக்கு விதைக்கிழங்கு தேர்வு செய்வது எப்படி?

சமையலறைக் கூடையில் ஒரு உருளைக்கிழங்கு முளைவிட்டிருந்தால், அதை வெட்டி மாடித் தொட்டியில் நட்டுப் பார்ப்பவர்கள் பலர். செடியும் நன்றாகத்தான் வரும். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்குதான் கிடைக்கும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று நினைப்போம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. நட்ட கிழங்கும், நட்ட மாதமும்தான் காரணம்.

கடைக் கிழங்குக்கும் விதைக்கிழங்குக்கும் என்ன வித்தியாசம்?

பார்க்க இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. உருளைக்கிழங்கை விதையிலிருந்து அல்ல, கிழங்கிலிருந்தே வளர்க்கிறோம். அதனால் தாய்ச்செடியில் இருந்த வைரஸ் நோய் கிழங்கு வழியாக அடுத்த செடிக்கும் வந்துவிடும். கிழங்கை வெளியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் விளைச்சல் குறைந்துகொண்டே போகும்.

இந்த வைரஸ்களைப் பரப்புவதில் அசுவினிப் பூச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் விதைக்கிழங்கை அசுவினி குறைவாக இருக்கும் இடத்தில், குறைவாக இருக்கும் காலத்தில் தனியாக விளைவிக்கிறார்கள். சாப்பாட்டுக்கு விற்கும் கிழங்கில் இந்தக் கவனம் இருக்காது. குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்போது சிலவற்றுக்கு முளைப்பைத் தடுக்கும் மருந்தும் போடுகிறார்கள். அப்படிப்பட்ட கிழங்கு ஒழுங்காக முளைக்காது.

எந்த ஊருக்கு எந்த ரகம்?

செடி வளர்வது வேறு, கிழங்கு பிடிப்பது வேறு. இரவு வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கிழங்கு பிடிப்பது குறைய ஆரம்பிக்கும். இலை மட்டும் செழித்து நிற்கும். அதனால் முதலில் உங்கள் ஊர் இரவுக் குளிரைப் பாருங்கள்.

சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ரகங்களின் பெயர் 'குஃப்ரி' என்று தொடங்கும். அது சிம்லா அருகே உள்ள ஊரின் பெயர்.

* குஃப்ரி ஜோதி: 1968-ல் வந்த பழைய ரகம். மலையிலும் சமவெளியிலும் வளரும். ஆனால் இலைக்கருகல் நோயைத் தாங்கும் சக்தி இப்போது குறைந்துவிட்டது.
* குஃப்ரி சூர்யா: 2006-ல் வெளியானது. வெப்பத்தை ஓரளவு தாங்கும். சமவெளியில் இருப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.
* குஃப்ரி புக்ராஜ்: மஞ்சள் நிறம், சீக்கிரம் அறுவடைக்கு வரும். குளிர்காலம் குறுகியதாக உள்ள ஊருக்கு ஏற்றது.
* குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா: நீலகிரியின் நூற்புழுப் பிரச்சனைக்காகவே உருவாக்கிய ரகங்கள்.

ஓசூர், தாளவாடி போன்ற இடங்களில் குளிர்காலச் சாகுபடி நன்றாகவே நடக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் டிசம்பர், ஜனவரியிலும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சமவெளியில் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை நடலாம். தை மாதத்தில் நட்டால் வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

ஊட்டியிலிருந்து கிழங்கு கொண்டு வந்து நடலாமா?

சுற்றுலா போகும்போது மண் ஒட்டிய கிழங்கை வாங்கி வருபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேரைத் தாக்கும். அதன் முட்டைக்கூடு கடுகைவிடச் சிறியது. மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். தக்காளி, கத்தரியையும் விடாது.

ஒருமுறை மண்ணில் வந்துவிட்டால் விரட்டுவது மிகக் கடினம். உங்கள் தொட்டியோடு போகாது, கொட்டும் மண் வழியாகப் பக்கத்து வயலுக்கும் போகும். அதனால் அந்தக் கிழங்கைக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுங்கள், நட வேண்டாம். குறிப்பாக ஏற்காடு போன்ற மற்ற மலை ஊர்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நல்ல விதைக்கிழங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

* எடை 40 முதல் 50 கிராம், அதாவது கோழிமுட்டை அளவு. ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிழங்கு நிற்கும்.
* முளை குட்டையாக, தடியாக, பச்சை அல்லது ஊதா நிறத்தில் இருக்க வேண்டும். நூல் போல வெள்ளையாக நீண்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.
* அழுகல், சொறி, பழுப்புத் திட்டு, துளை இருந்தால் வேண்டாம்.
* ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அழுத்தினால் பால் போலக் கசிந்தால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தக் குவியலில் எதையும் வாங்காதீர்கள்.
* தோல் பச்சையாக இருந்தால் சாப்பிடக் கூடாது, ஆனால் நடலாம்.

சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டை கட்டியிருக்கும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் மூட்டையாகத்தான் விற்பார்கள். வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது சான்று விதை வாங்கி நடும் விவசாயியிடம் நடவு நேரத்தில் ஒரு கிலோ கேட்டு வாங்கலாம்.

நடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

புதிதாகத் தோண்டிய கிழங்கு உடனே முளைக்காது. சுமார் இரண்டு மாதம் உறக்கத்தில் இருக்கும். உறக்கம் முடிந்த கிழங்கை வெயில் நேராகப் படாத, வெளிச்சமான இடத்தில் 10 முதல் 15 நாள் பரப்பி வையுங்கள். முளை ஒரு சென்டிமீட்டர் வந்ததும் நடலாம்.

நம்ம ஊர்ச் சூட்டில் வெட்டிய துண்டு மண்ணில் எளிதில் அழுகிவிடும். முழுக் கிழங்காக நடுவதே நல்லது. பெரிய கிழங்கை வெட்டியே ஆக வேண்டுமென்றால், துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். நிழலில் இரண்டு நாள் வைத்து வெட்டு காய்ந்ததும் நடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ந்த தொட்டி மண்ணைத் தவிர்த்துவிடுங்கள். இவை எல்லாம் ஒரே குடும்பம், நோயும் பொதுவானது.

கடைசியாக ஒன்று: அறுவடையில் மிஞ்சும் பொடிக் கிழங்கை அடுத்த வருட விதைக்கு எடுத்து வைக்க ஆசை வரும். பொடியாக நிற்பதே அந்தச் செடிக்கு நோய் இருந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதைக் குழம்பில் போடுங்க, விதையைப் புதுசா வாங்குங்க.