கிண்டியில் நளன்

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777-இல் தொடங்கியதென்பர். 1931-இல் தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதும் பல்லாவரத்துக் குமாஸ்தாவுக்கும் அது பக்கமாயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை ரேஸைப் பற்றிய விவாதமெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: இது திறமையா, அதிர்ஷ்டமா? கேள்வியே பிசகானது என்பது என் கட்சி.

1974-இல் கருணாநிதி அரசு பந்தயத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. இடைக்கால உத்தரவின் தயவில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் செய்தது. 1996-இல் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் இவையே வெற்றியைத் தீர்மானிப்பவை. ஆகவே ரேஸ் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்துடன் செத்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் இணையவழி ரம்மிக்கும் போக்கருக்கும் இதே தர்க்கத்தை நீட்டியது. திறமை, அதிர்ஷ்டம் என்று பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் தடுத்தது 2025-இல்தான்.

நளன் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குதிரையை நளனைவிட அறிந்தவன் இல்லை. ஆனாலும் சூதில் நாட்டைத் தோற்றான். அவனைத் தேரோட்டியாக வைத்திருந்த இருதுபன்னன், வழியில் நின்ற தான்றி மரத்தின் காய்களைப் பார்வையிலேயே எண்ணிச் சொல்கிறான். வெட்டி எண்ணினால் கணக்கு சரி. (பழைய சூதாட்டத்தில் காயாக உருண்டதும் தான்றிக்காய்தான்.) நளன் குதிரை வித்தையைக் கொடுத்து எண் வித்தையை வாங்கிக்கொள்கிறான். நீதிபதிகள் முதல் வித்தையை மட்டும் பார்த்தார்கள்.

இரண்டாவது வித்தை டோட் ஜன்னலில் இருக்கிறது. விகிதத்தை அங்கே நிர்ணயிப்பது குதிரையல்ல, கூட்டம். ஒரு பந்தயத்தில் மொத்தம் 1,000 ரூபாய் விழுந்தது, வரியும் கிளப்பின் பங்குமாக 200 போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்த குதிரையின்மேல் 400 ரூபாய் இருந்தால் ரூபாய்க்கு 2 ரூபாய் கிடைக்கும். கூட்டத்தின் மதிப்பே சரியென்றால் நியாயமான விலை 2.50. குதிரை தெரிந்தவன் தெரியாதவனிடமிருந்து பிடுங்கலாம். இருவரிடமிருந்தும் ஜன்னல் முன்னதாகவே பிடுங்கிவிட்டது. கைக்கு வந்ததையெல்லாம் கூட்டம் மறுபடி மறுபடி போட்டால், 100 ரூபாய் ஐந்தாவது பந்தயத்தின் முடிவில் 33-க்கும் குறைவு. கூட்டு வட்டி போட்டுப் பழகிய வங்கிக் குமாஸ்தாவுக்கு அதைத் தலைகீழாகப் போடுவது சிரமமில்லை.

வள்ளுவர் ஒன்றைப் பெற்று நூறை இழப்பதாகச் சொன்னார். அவ்வளவு கொடிய விகிதமானால் எவனும் இரண்டாம் முறை வரமாட்டான். ஜன்னலின் பலம் அதன் மிதத்தில் இருக்கிறது.

கஸீனோ மேசையிலும் இதுதான். 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் ராயல் ஃப்ளஷ் நான்கே, அதாவது 6,49,740-இல் ஒன்று. கரீபியன் ஸ்டட் ஆட்டத்தில் அதற்கு வழக்கமாகத் தரும் விலை ஒன்றுக்கு நூறு. எப்போது விலகுவது, எப்போது தொடர்வது என்பதில் திறமை இருக்கத்தான் செய்கிறது. இந்த விலைப்பட்டியலை அது தொடுவதில்லை.

கிண்டி மைதானத்தை அரசு 2024 செப்டம்பரில் பூட்டியது, சூதை முன்னிட்டல்ல. 160 ஏக்கர், 1946-இல் எழுதிய 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகை; தகராறு அதில். கிண்டியில் யாருக்கு நல்ல விகிதம் கிடைத்தது என்பது அந்தப் பத்திரத்தில் இருக்கிறது.