பூங்கா பெஞ்சும் ஒரு சட்டமும்

2001-ல் ரிச்சர்ட்ஸ் டவுன் வாடகை அறையில் நாங்கள் நாலு பேர். கையில் எச்1பி விசா. கிளம்பும் தேதியைத்தான் கன்சல்டன்சிக்காரர் மாதாமாதம் தள்ளிக்கொண்டே போனார்.

1998-ல் வந்த அமெரிக்கச் சட்டம், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் தரச் சொன்னது. 2000 அக்டோபர் சட்டம் வருட விசா வரம்பை 1,95,000 ஆக்கி, புதுக் கம்பெனி மனு போட்டதுமே அங்கே மாறலாம் என்றது. இரண்டும் அங்கே போய்ச் சேர்ந்தவனுக்குத்தான்! டாட்காம் குமிழி வேறு 2000 மார்ச்சிலிருந்தே உடைந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குக் காற்று மட்டும் இலவசம்.

உள்ளூர் கம்பெனி ஒன்று திங்கட்கிழமையே சேரச் சொன்னது. அறைத்தோழர் சேர்ந்துவிட்டார். 'அடுத்த மாசம் கட்டாயம்' என்ற போன்காலை நம்பி நான் மறுத்தேன். ஏழு மாதம் கழித்து விமானம் ஏறியபோது, டிக்கெட்டுக்குக் கடன் கொடுத்தது அவர்தான்.