மூன்றாமவர் வந்து அமர்ந்தால்

கவறு உருட்டாமல், சீட்டை மறைக்காமல், எல்லாம் கண்முன்னே கிடக்க ஆடும் ஆட்டங்களைச் சேர்வியல் ஆட்டங்கள் என்பர் கணிதர். அவற்றின் வரலாற்றை 'நிம்' என்னும் ஆட்டத்திலிருந்து தொடங்குவது மரபு. காய்கள் சில குவியல்களாக இருக்கும். முறை வந்தவர் ஏதேனும் ஒரு குவியலிலிருந்து ஒன்றோ பலவோ எடுக்கலாம்; கடைசிக் காயை எடுப்பவர் வென்றவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பௌட்டன் 1901இல் இதற்கு முழுத் தீர்வு கண்டார். குவியல்களின் அளவை இரும எண்களாக எழுதிப் பார்த்தால் போதும். இருவரும் பிழையின்றி ஆடினால் எவர் வெல்வார் என்பது முதற்காயை எடுக்குமுன்பே தெரிந்துவிடும்.

ஆனால் இருவர் ஆடும்போது மட்டுமே அந்த உறுதி. மூவர் ஆடுவதாகக் கொள்வோம். ஒரு குவியலில் ஒரு காய், மற்றதில் இரண்டு. முதலாமவர் எந்தக் குவியலை முழுதாக எடுத்தாலும், எஞ்சியதை அள்ளி இரண்டாமவர் வெல்வார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தாலோ வெற்றி மூன்றாமவருக்கு. தாம் வெல்ல வழியே இல்லாதவர் கையில் பிறருடைய வெற்றி! அவர் மனம் எப்பக்கம் சாயும் என்பதற்குச் சூத்திரம் ஏது? 1978இல் லீ, தோற்போருக்கும் இடவரிசை வகுத்து இச்சிக்கலைத் தீர்த்தார். 2000இல் ஜேம்ஸ் புராப், மற்ற இருவரும் கூடி எதிர்த்தாலும் ஒருவர் வெல்லக்கூடிய நிலைகள் எவை என்று ஆராய்ந்தார். முன்னது புதிய விதியொன்றைச் சேர்க்கிறது. பின்னது நம் சிறு ஆட்டத்தை விடையின்றியே விட்டுவிடுகிறது.

அந்த முதலாமவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினால்? அவருக்குள்ள மூன்று வழிகளில் ஒன்று குருட்டாம்போக்கில் அமையும். இரண்டாமவர் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று. சிந்திப்பவர் தராத விடையைச் சிந்திக்காதவர் தந்துவிடுகிறார்! (சகுனியின் கவறு இதில் சேராது, அதில் தற்செயல் ஏதுமில்லை.)

இதனால் கணக்கு எளிதாகிவிட்டதென நாம் எண்ணலாகாது. கிறிஸ்டோஸ் பாபடிமிட்ரியூ 1985இலேயே, இயற்கையை எதிராளியாகக் கொண்ட ஆட்டங்களை ஆராய்ந்திருந்தார். இயற்கைக்கு நம்மீது பகையும் இல்லை, பரிவும் இல்லை. நாணயம் சுண்டுவதொன்றே அதன் வேலை. அதனிடம் வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேலா எனக் கணிப்பது, சூழ்ச்சிமிக்க எதிரியை வெல்ல இயலுமா எனக் கணிப்பதற்கு நிகரான கடினம் என்று அவர் நிறுவினார்.

அதே ஆண்டில் லாஸ்லோ பாபாய் நாணயம் சுண்டுபவருக்கு ஆர்தர் மன்னர் என்றும், எதிரே அமர்ந்த எல்லாம் அறிந்தவருக்கு மெர்லின் என்றும் பெயரிட்டார். மெர்லின் பொய்யுரைத்தால் கண்டுபிடிக்க ஆர்தருக்கு அந்த நாணயமே துணை. அடுத்து அது எப்படி விழும் என்பது மந்திரவாதிக்கும் தெரியாது.