ஆணையும் அறமும்: தளபதி பவுலஸின் வீழ்ச்சி

ஆணைக்கு அடங்குதல் படைவீரனின் முதற்கடமை என்பர். அவ்வாணையே தன் படையை அழிவுக்கு இட்டுச் செல்லுமாயின் படைத்தலைவன் யாது செய்வான்? இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியத் தளபதியாக விளங்கிய பிரீட்ரிக் பவுலஸின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1890ஆம் ஆண்டு நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்த பவுலஸ், கடற்படையில் இடம் கிடைக்காமையால் தரைப்படையில் சேர்ந்தார். களத்தில் முன்னின்று பொருபவர் என்பதினும் நிலப்படத்தின் முன்னமர்ந்து திட்டம் வகுக்கும் நுண்மதியாளர் என்றே பெயர்பெற்றார். 1941இல் சோவியத் நாட்டின்மீது நிகழ்ந்த படையெடுப்பைத் திட்டமிட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பெரும்படை எதனையும் களத்தில் நடத்தியிராத அவரிடம் 1942 ஜனவரியில் ஆறாம் படை ஒப்படைக்கப்பட்டது.

அப்படை ஸ்டாலின்கிராட் நகரைக் கைப்பற்ற மாதக்கணக்கில் போராடியது. நவம்பர் 19இல் தொடங்கிய சோவியத் எதிர்த்தாக்குதலோ நான்கைந்து நாள்களில் அதனை முற்றாக வளைத்துக்கொண்டது. இரண்டரை இலட்சம் பேர் அளவில் சிக்குண்டனர். முற்றுகையை உடைத்து வெளியேற பவுலஸ் இசைவு வேண்டினார், ஹிட்லர் மறுத்தார். வான்வழியே உணவும் வெடிபொருளும் வருமென்றார் கோரிங். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்ட இடத்தில் சராசரியாக அதிற் பாதியும் வந்து சேரவில்லை. ஆணையை மீறியேனும் வெளியேறுக எனக் கீழ்நிலைத் தளபதி சைட்லிட்ஸ் எழுத்து மூலமே வற்புறுத்தினார். பவுலஸ் இணங்கவில்லை. டிசம்பரில் மீட்க வந்த மான்ஸ்டைனின் படை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் தடைப்பட்டு நின்றது. அப்போதும் அவர் ஆணைக்கே காத்திருந்தார். பசியும் பனியும் வீரர்களை மாய்த்தன.

1943 ஜனவரி 30இல் ஹிட்லர் அவரைப் பீல்டு மார்ஷலாக உயர்த்தினார். அப்பதவியிலிருந்த ஜெர்மானியர் எவரும் அதுவரை உயிருடன் சரணடைந்ததில்லை. உயர்வின் உட்பொருள் தற்கொலை என்பதே. மறுநாள், அங்காடியொன்றின் நிலவறையில் பவுலஸ் சிறைப்பட்டார். கைதான ஏறத்தாழ 91,000 பேருள் தாயகம் திரும்பியோர் சுமார் ஆறாயிரவரே.

1944இல் அவர் ஹிட்லரைக் கண்டித்து வானொலியில் முழங்கினார். 1946இல் நூரம்பர்க் நீதிமன்றில் சான்றளித்தார். 1953இல் விடுதலை பெற்று, 1957இல் டிரெஸ்டனில் மறைந்தார். மனைவியோ அவரை மீண்டும் காணாமலே 1949இல் இறந்துபோயிருந்தார்.

செஞ்சோற்றுக் கடன் நம் மரபு போற்றும் பண்பு. எனினும் அக்கடனைத் தீர்ப்பவன் தன்னுயிரையே ஈவான். பவுலஸ் அதனைப் பிறர் உயிரால் தீர்த்தார். ஆணையை மீறும் துணிவு அவருக்கு வாய்த்தபோது, காப்பதற்கு அவரிடம் படை இல்லை.